கல்யாண வீட்டு விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (கடலூர், புதுச்சேரிப் பக்கம்)

தாலி கட்டுவதற்கு ஐயர் இருக்கிறார், நேரம் இருக்கிறது, முறை இருக்கிறது. குடத்தில் மோதிரம் தேடவும், தேங்காய் உருட்டவும், வாசலை மறிக்கவும் யார் இருக்கிறார்கள்? முன்பு அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் கேட்காமலே முன்னின்று நடத்தினார்கள். இன்று மண்டபத்தில் மேடை ஏறிய பிறகுதான் "குடம் எங்கே?" என்று தேடுகிறார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நலங்கு என்று எங்கள் வீட்டில் சொல்வது ஒன்று, சம்பந்தி வீட்டில் சொல்வது வேறு. எது சரி?

இரண்டும் சரி. ஒரே பெயரில் இரண்டு சடங்குகள் இருக்கின்றன. கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பெரும்பாலான வீடுகளில் நலங்கு வைப்பது முகூர்த்தத்துக்கு முந்தைய நாட்களில் நடக்கும். பெண்ணுக்குப் பெண் வீட்டில், மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளை வீட்டில். மணையில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, பெண்கள் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வந்து, அருகம்புல்லை நல்லெண்ணெயில் தொட்டு வைத்து, சந்தனமும் மஞ்சளும் பூசி, கடைசியில் தலைக்கு நீர் ஊற்றுவார்கள். இதில் விளையாட்டு என்றால் கன்னத்தில் பூசும் மஞ்சள் கொஞ்சம் மூக்குவரை போவதுதான்.

பிராமணக் குடும்பங்களில் நலங்கு என்றால் தாலி கட்டிய பிறகு, பெரும்பாலும் அன்று மாலை, இருவரையும் எதிரெதிரே பாயில் உட்காரவைத்து நடத்துவது. தேங்காய் உருட்டல், பூப்பந்து, அப்பளம் உடைத்தல், ஒருவருக்கொருவர் தலை வாரிக் கண்ணாடி காட்டுதல், பாட்டு எல்லாம் இதில் வரும்.

இரண்டு குடும்பங்களும் இருவேறு வழக்கமாக இருந்தால், ஒரு வீட்டார் எண்ணெய்க் கிண்ணத்தோடும் மறு வீட்டார் தேங்காயோடும் வந்து நிற்பார்கள். நிச்சயதார்த்தத்தன்றே "உங்க வீட்டு நலங்குல என்னென்ன வரும்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். சீர்த்தட்டு எத்தனை என்று கேட்கக் கூச்சப்படாதவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

விளையாட்டுகளை எப்போது வைத்தால் நன்றாக இருக்கும்?

முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 என்றால், பந்தி முடிந்து 10 மணி வாக்கில் ஒரு நல்ல இடைவெளி கிடைக்கும். அதற்கு மேல் தள்ளினால் மதியப் பந்தி வந்துவிடும். பந்தி முடிந்ததும் மண்டபத்தைக் காலி செய்யும் அவசரம் வந்துவிடும். 45 நிமிடம் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால், விடியற்காலை 3 மணிக்கே எழுந்து அலங்காரம் செய்துகொண்ட பெண்ணுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிடும்.

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் கல்யாணம் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெரிய முகூர்த்த நாளில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடக்கும். உங்களுக்குப் பின்னால் அடுத்த ஜோடி மாலையோடு காத்திருக்கும். அங்கே தாலி கட்டி, பெருமாளைச் சேவித்துவிட்டு இறங்கிவிடுங்கள். குடமும் தேங்காயும் வீட்டிலோ மண்டபத்திலோ இருக்கட்டும்.

புதுச்சேரியில் இன்னொரு நெருக்கடி உண்டு. பிரான்சில் இருக்கும் உறவினர்களின் பிள்ளைகளுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் நீண்ட விடுமுறை. அதில் பெரும்பகுதியை ஆடி விழுங்கிவிடும். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17 வாக்கில். அவர்களுக்குப் பள்ளி திறப்பது செப்டம்பர் தொடக்கத்தில். அந்த இரண்டு வாரத்துக்குள் முகூர்த்தம், வரவேற்பு, மறுவீடு என்று எல்லாவற்றையும் நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது விளையாட்டுதான். அதை வெட்டாதீர்கள். கடல் தாண்டி வந்த பிள்ளைகள் முறை உறவைத் தெரிந்துகொள்ளும் இடமே அதுதான். தேவையானால் முந்தைய நாள் மாலைக்கு நகர்த்துங்கள். குடத்து மோதிரம் மட்டும் தாலி கட்டிய பிறகே வரட்டும்.

குடத்தில் மோதிரம் எடுக்கும் விளையாட்டைச் சரியாக நடத்துவது எப்படி?

குடம்தான் பாதி விளையாட்டு. வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பித்தளைக் குடத்தின் வாய் பலசமயம் ஒரு கைக்குத்தான் இடம் கொடுக்கும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போய்த் தேடினால்தான் ஆட்டம். அதனால் வாய் 15 முதல் 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தவலையோ அகன்ற வாய்க் குடமோ பாருங்கள். அதைவிட அகலமான அண்டாவில் மோதிரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எவர்சில்வர் குடம் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் சாஸ்திரம் கிடையாது. அதன் வாய் விளிம்பு சில குடங்களில் கூர்மையாக இருக்கும், அவசரத்தில் மணிக்கட்டைக் கீறிவிடும்.

தண்ணீர் பாதிக் குடத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு கைகள் முழங்கைவரை இறங்கியதும் மட்டம் ஏறும். முக்கால் குடம் ஊற்றிய இடங்களில் முதல் சுற்றிலேயே பட்டுப்புடவையின் மடிப்பு நனைந்துவிடும். மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி தாராளம், உள்ளே பார்வை மறைய அதுவே போதும். சிலர் இன்னும் மறைய வேண்டும் என்று பால் சேர்க்கிறார்கள். கை வழுக்கும், வெயில் ஏறினால் வாடை வரும். அதற்குப் பதில் ஒரு கைப்பிடி உதிரி ரோஜா இதழைப் போடுங்கள்.

மோதிரத்தோடு இன்னொரு பொருளும் போடுவது வழக்கம்: வெள்ளிக்காசு, சங்கு, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை என்று வீட்டுக்கு வீடு மாறும். மோதிரம் கல் இல்லாததாக இருக்கட்டும். முத்து, பவழம் பதித்தவற்றை மஞ்சள் தண்ணீரில் போடக் கூடாது, நிறம் ஏறினால் போகாது. கல் கட்டிய மோதிரத்தில் கொக்கி விரல் நகத்தில் மாட்டும்.

ஆட்டம் 3 சுற்று. கை விட்டதும் ஒருவர் மூன்று எண்ண வேண்டும், அதன் பிறகே தேடத் தொடங்கலாம். இந்த விதி இல்லாவிட்டால் பெண் வளையலை ஒதுக்குவதற்குள் மாப்பிள்ளை எடுத்துவிடுவார். கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தால் தேடும் கையிலிருந்து அவற்றைக் கழற்றிவிடுங்கள். கழற்றக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால், வளையல்களை முழங்கை நோக்கித் தள்ளி ஒரு கைக்குட்டையால் கட்டிவிடலாம். உடைந்த வளையல் துண்டு தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வளையல் உடைந்தாலும் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீரை மாற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும். கையில் காப்பு கட்டியிருந்தால் அது நனையாமல் மறு கையால் விளையாடட்டும்.

குடத்துக்கு அடியில் அது உருளாமல் தாங்கும் வளையமான பிரிமணை, அதற்கு அடியில் பெரிய தாம்பாளம், சுற்றிலும் இரண்டு துண்டு. மேடையில் விளக்குக்காரர்களின் மின்கம்பிகள் கம்பளத்துக்கு அடியில் ஓடும். மேடைக்கு முன்னால் தரையில், கம்பி இல்லாத இடத்தில் குடத்தை வையுங்கள். இது மட்டும் பேச்சுவார்த்தைக்கு இடமில்லாத விஷயம்.

ஜெயித்தவர்தான் வீட்டில் அதிகாரம் செய்வார் என்பார்கள். மூன்றாவது சுற்றில் தண்ணீருக்குள் ஒருவர் மற்றவர் கையில் மோதிரத்தைத் திணித்துவிடுவதும் நடக்கும். வெளியே தெரியாமல் நடக்கும் அந்தப் பேச்சுக்காகத்தான் குடத்தின் வாய் குறுகலாக இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றும். முகத்தோடு முகம் இவ்வளவு அருகில் வந்து, நூறு பேர் நடுவிலும் தனியாக இருக்கும் நேரம் அன்று முழுக்க அவர்களுக்கு வேறு கிடைக்காது.

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் எவ்வளவு? பட்டில் கறை பட்டால்?

ஆரத்திக்கும் பாதத்தில் இடும் நலங்குக்கும் ஒரே கலவைதான்: இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூளுக்கு மிளகளவு வெற்றிலைச் சுண்ணாம்பு. சுண்ணாம்பின் காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாகும். ஆரத்திக்கு ஒரு தாம்பாளம் தண்ணீர், பாதத்துக்குக் குழைவாக. சிவப்பு போதவில்லை என்று சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் தோல் எரியும். மெழுகிட்டு முடி எடுத்த கால் என்றால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பாதத்தில் தீட்டும் சிவப்புச் சாயமான செம்பஞ்சுக் குழம்பு வாங்கிவிடுங்கள்.

பட்டில் பட்டால் தேய்க்காதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, அப்படியே உலர் சலவைக்குக் கொடுங்கள். பருத்தி வேட்டி, சட்டை என்றால் கவலை வேண்டாம். சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாகும், பலர் இதைப் பார்த்து அலறுவார்கள். சோப்பும் சுண்ணாம்பு போலக் காரம்தான், அதனால்தான் அந்தச் சிவப்பு. நன்றாக அலசி நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் மஞ்சள் தானே வெளுத்துவிடும்.

தேங்காய் உருட்டினால் மேடையை விட்டு ஓடுகிறது. அப்பளம் உடைக்கப் போனால் வளைகிறது. ஏன்?

தேங்காய் ஓடுவதற்குக் காரணம் வழவழப்பான தரை. இருவருக்கும் இடையில் கோரைப்பாய் விரியுங்கள். 5 அடி தூரம் போதும். நாரை முழுக்க உரித்து, குடுமியையும் வழித்து, மஞ்சள் பூசிக் காயவைத்த இரண்டு காய்கள் தேவை. கடையில் தேர்ந்தெடுக்கும்போது தரையில் உருட்டிப் பாருங்கள், நீள்வாட்டமான காய் வளைந்து வளைந்து பார்வையாளர் காலடிக்குப் போகும். இருவரும் ஒரே சமயத்தில் உருட்டி, நடுவில் முட்டாமல் எதிரெதிர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முட்டினால் கேலி.

அப்பளம் வளைவதற்குக் காரணம் நம் கடற்காற்று. கடலூரிலும் புதுச்சேரியிலும் பொரித்து வைத்த அப்பளம் திறந்த தட்டில் அரை மணி நேரத்துக்குத் தாங்காது, நமத்துப்போகும். காலையில் சமையற்கட்டில் பொரித்ததைத் தட்டில் அடுக்கி மூடிவைத்தால் ஆவி கட்டி இன்னும் சீக்கிரம் நமத்துவிடும். விளையாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு 8 பெரிய அப்பளம் பொரித்து, செய்தித்தாளில் எண்ணெய் வடியவிட்டு, நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத சம்படத்தில் போட்டு மேடைக்குக் கொண்டுவாருங்கள். சமையல்காரரிடம் முதல்நாளே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் சட்டியில் வடை இருக்கும்.

தலையில் உடைப்பதை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். பின்னி பூவைத்த சடைக்குள் தூள் புகுந்தால் அன்றிரவு வரை உறுத்தும், கண்ணில் விழுந்தால் அழுகைதான். இருவரும் கையில் ஆளுக்கு இரண்டு அப்பளத்தைப் பிடித்துக்கொண்டு, எதிராளியின் அப்பளத்தைத் தட்டி உடைக்கட்டும்.

பூப்பந்துக்கு இரண்டு முழம் நெருக்கமாகக் கட்டிய கனகாம்பரமோ முல்லையோ எடுத்து, எலுமிச்சை அளவு துணி உருண்டையைச் சுற்றி நூலால் இறுக்குங்கள். கம்பி வைத்துக் கட்டிய பந்தைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டிலோ கடலூர் பான்பரி மார்க்கெட்டிலோ மாலை சொல்லும்போதே "நூல் பந்து ஒண்ணு" என்று சேர்த்துச் சொல்லிவிடலாம்.

மாலை மாற்றும்போது தூக்கி விளையாடுகிறார்களே, அதில் என்ன கவனிக்க வேண்டும்?

மின்விசிறியை. மேடைக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் விசிறியை நிறுத்திய பிறகுதான் யாரும் யாரையும் தூக்கலாம். இதைச் சொல்ல ஓர் ஆளைச் சுவிட்சருகே நிறுத்துங்கள்.

தூக்குவது தாய்மாமன்மார் உரிமை. மாமனுக்கு வயதாகிவிட்டால் அவர் முதலில் கைவைத்துத் தொடங்கிவைக்க, மாமன் மகன்கள் தூக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர்: இரண்டு பேர் தூக்க, ஒருவர் பின்னால் முதுகைத் தாங்க. கம்பளம் வழுக்கும், அதனால் தூக்குபவர்கள் வெறுங்காலோடு தரையில் நிற்க வேண்டும். பெண்ணின் ஒட்டியாணம் பிடிக்கும் கையைக் கிழிக்கும், அதைத் தெரிந்து பிடிக்க வேண்டும்.

மாலை இரண்டு செட் சொல்லுங்கள். முகூர்த்த மாலை கனமான ரோஜா மாலையாக இருக்கலாம். மாற்றும் மாலை ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், இடுப்பளவு நீளம், கழுத்து விரிவு தாராளம். கனமான மாலையை எட்டி வீசும்போது காதுக்கு அருகில் மாட்டல் சிக்கி இழுக்கும். 3 முறை மாற்றினால் பூ உதிர்ந்து நாராகிவிடும் என்பதால்தான் தனி செட். மாப்பிள்ளையைத் தூக்கும் உயரத்துக்குப் பெண்ணைத் தூக்க ஆளில்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் இறங்கிவர வேண்டும், ஒரு பக்கம் மட்டும் உயர்ந்துகொண்டே போனால் அங்கே விளையாட்டு செத்துவிடும்.

ஊஞ்சலில் சுற்றும் பிடி உருண்டை உதிர்ந்துவிடுகிறது. எப்படிப் பிடிப்பது?

பச்சரிசியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குழைய வடித்து, சூடு கை பொறுக்கும் பதத்தில் பிசைந்து பிடிக்க வேண்டும். ஆறிப்போனால் ஒட்டாது. கால் கிலோ அரிசியில் எலுமிச்சை அளவு உருண்டை 25 வரை வரும். ஒரு பங்கு வெள்ளை, ஒரு பங்கு மஞ்சள், ஒரு பங்கு மஞ்சளோடு துளி சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு. உருண்டையைத் தம்பதியைச் சுற்றி நாலு திசையிலும் போடுவது கண்ணேறு கழிய. போடுபவர் தாழ்வாகத் தூக்கிப் போட வேண்டும், வீசக் கூடாது. விளக்கோடும் நீரோடும் பெண்கள் ஊஞ்சலைச் சுற்றும் நேரத்தில் ஊஞ்சலை யாரும் ஆட்டக் கூடாது. அதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வாடகை ஊஞ்சலென்றால் முதல்நாள் இரவே இரண்டு பெரிய ஆட்களை உட்காரவைத்துச் சங்கிலிக் கொக்கியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை எங்கே வரை போக வேண்டும்?

கல்யாணம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு முன் கிளம்பும் விளையாட்டுச் சடங்கு இது. மண்டப வாசற்படி வரை போதும். மஞ்சக்குப்பத்திலும் சரி, புதுச்சேரி காமராஜர் சாலையிலும் சரி, வாசலைத் தாண்டினால் பேருந்து வரும். குடை, விசிறி, கைத்தடி, புத்தகம், அரிசி பருப்பு முடிந்த அங்கவஸ்திரம், புதுச்செருப்பு: இவ்வளவுதான் சாமான். செருப்பை நான்கு நாள் முன்பே வாங்கி வீட்டில் போட்டு நடக்கச் சொல்லுங்கள், புதுத்தோல் கடித்த காலோடு மறுபடி மேடை ஏறுவது கஷ்டம். பஞ்சகச்சம் பழக்கமில்லாதவருக்கு இடுப்பில் பெல்ட் கட்டிவிடுங்கள். பெண்ணின் அப்பா வந்து மறித்து, பெண்ணைத் தருகிறேன் வாருங்கள் என்று அழைப்பார். கூட இருக்கும் மச்சான் பேரம் பேசலாம்: "காசிக்கு டிக்கெட் போட்டாச்சு மாமா, கேன்சல் பண்ணா காசு யாரு தருவா?" ஆனால் முகூர்த்தம் 40 நிமிடத்தில் இருக்கும்போது இரண்டு கேலிக்கு மேல் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் குடைக்கு உண்மையிலேயே வேலை வரும், பெரிய குடையாக வாங்குங்கள்.

மாப்பிள்ளை செருப்பை ஒளித்துவைத்துப் பணம் கேட்பது நம் வழக்கமா?

வடக்கத்தி வழக்கம். அங்கே மணப்பெண்ணின் தங்கைகள் மாப்பிள்ளையின் செருப்பை ஒளித்து, பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். இந்திப் படங்கள் வழியாக நம் மண்டபங்களுக்கும் வந்துவிட்டது. மச்சினிகளுக்கு ஆசையாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

நம் ஊரில் இதில் வரும் சிக்கல் வேறு. மண்டப வாசலில் 300 ஜோடி செருப்பு குவிந்து கிடக்கும். தப்பான செருப்பை எடுத்து ஒளித்து, யாரோ ஒரு பெரியப்பா வெறுங்காலோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருப்பார். காலையிலேயே எந்த ஜோடி என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைத் தோழன் மாற்றுச்செருப்பைக் காரில் வைத்திருப்பது பழைய தந்திரம். கேட்கும் தொகை 101, 501, 1001 என்று ஒன்றில் முடியட்டும். பேரம் 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ராகு காலத்துக்கு முன் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரத்தில் செருப்பைக் காணோம் என்றால், சிரித்துக்கொண்டிருந்த மாமியாரின் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

நாத்தனார் வாசலை மறித்து என்ன கேட்கலாம்?

இது நம் சொந்தச் சொத்து, செருப்பைவிட நூறு மடங்கு அழகு. ஆரத்தி எடுத்து முடித்ததும், வலது காலை எடுத்துவைக்கும் முன் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கதவை மறித்து நிற்பார். "அண்ணி, அண்ணன் பேரைச் சொன்னாத்தான் வழி." புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்றிருந்த காலத்தில் இது பெரிய சோதனை. இன்று பெண் பளிச்சென்று பெயரைச் சொல்லிவிடுவதால் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதனால் பழைய விதியையே விளையாட்டாகத் திரும்ப வையுங்கள்: பெயரை நேராகச் சொல்லாமல் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை தேவநாதன் என்றால், "திருவந்திபுரத்துல நின்னு சேவை சாதிக்கிறவர் பேரு." விநாயகம் என்றால், "மணக்குளத்துக்கார ஆனைமுகத்தார்." பெண்ணும் பதிலுக்கு நாத்தனாரின் வீட்டுக்காரர் பெயரை இதே மாதிரி கேட்கலாம். அங்கேதான் இரண்டு பேரும் தோழிகளாவார்கள்.

"பொண்ணு பிறந்தா என் பையனுக்குத் தருவியா?" என்ற பழைய கேள்வியும் உண்டு. அத்தை மகன் முறையை உறுதி செய்துகொள்ளும் வழக்கம் அது. இப்போது பல வீடுகளில் அதை விட்டுவிட்டு, "பொங்கலுக்கு எனக்குப் புடவை எடுப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். நல்ல மாற்றம். படிக்கட்டில் நீண்ட நேரம் நிறுத்தாதீர்கள், ஆரத்தித் தண்ணீர் சிந்திய படி வழுக்கும்.

சம்பந்தியைக் கேலி செய்யும் ஏசல் பாட்டு எழுதுவது எப்படி?

எல்லாருக்கும் தெரிந்த கும்மி மெட்டு ஒன்றை எடுங்கள். இரண்டு இரண்டு அடியாக எழுதுங்கள். ஒரு பக்கம் பாடியதும் மறுபக்கம் பதில் பாட வேண்டும், அதற்கு இடம் விட்டு எழுதுவதுதான் கலை. மாதிரிக்கு:

"பண்ருட்டிச் சம்பந்தி வச்ச பாயசத்துக் குள்ள
முந்திரியத் தேடித் தேடி மூக்கு நனஞ்சு போச்சு!"

"மூக்கு நனைய நனைய நாலு கிண்ணம் குடிச்சவங்க
முந்திரிக் கணக்கு இப்போ மூச்சு விடலாமா?"

முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டிக்காரரிடம் முந்திரி இல்லை என்பதுதான் கேலி. கேட்பவருக்கு ஊர்ப் பெருமையும் சேர்ந்தே கிடைக்கிறது. சாப்பாடு, குறட்டை, தாமதமாக வருவது, ஃபோனிலேயே இருப்பது இவையெல்லாம் பாடலாம். நிறம், உடம்பு, நகை, சீர், படிப்பு, வேலை, முன்பு பார்த்துவிட்டுப் போன சம்பந்தம் இவற்றில் ஒரு சொல்கூட வரக் கூடாது. அந்தச் சொல் பத்து வருஷம் கழித்தும் நினைவிருக்கும். பாட்டை முதல்நாள் எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒருவருக்காவது காட்டிவிடுங்கள்.

மைக் பிடித்து நடத்தக் கூலிக்கு ஆள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏசலுக்கும் நலங்குக்கும் வேண்டாம். யாரை எதுவரை கேலி செய்யலாம் என்று அத்தைக்குத் தெரியும், கூலிக்கு வந்தவருக்குத் தெரியாது.

மஞ்சள் நீர் ஊற்றி விளையாட யாருக்கு உரிமை?

மாமன், மச்சான், அத்தை மகள், மச்சினி என்று முறை உள்ளவர்களுக்கு மட்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி மஞ்சள் தூள், ஒரு கொத்து வேப்பிலை. சாயப் பொடி கலக்காதீர்கள். ஊற்றப்படுபவர் "வேண்டாம்" என்று சிரிக்காமல் சொன்னால் அது வேண்டாம்தான், முறை என்ன முறையானாலும்.

பகலில் அருந்ததி பார்க்கச் சொல்கிறார்கள். உண்மையாகவே எப்போது பார்க்கலாம்?

பகலில் கை காட்டும்போது "தெரியுது" என்று பெண் சொல்வதும் எல்லாரும் சிரிப்பதும் சடங்கின் பகுதியாகவே ஆகிவிட்டது. ஆனால் தை மாதத்தில் விடியற்காலை முகூர்த்தம் வைப்பவர்களுக்கு உண்மையாகவே பார்க்கும் வாய்ப்பு உண்டு. 5 மணிக்கு மண்டப மொட்டைமாடியில் வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் உயரத்தில், கரண்டி போல இருக்கும். கரண்டிக் காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு சின்னப் புள்ளி, அதுதான் அருந்ததி. இருவருக்கும் இடைவெளி நிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லை. வைகாசி, ஆனியில் கல்யாணமென்றால் இரவு 8 மணிக்கு மேல் வடக்கிலேயே தெரியும். ஆவணியில் பொழுது சாய்ந்ததும் வடமேற்கில் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும். ஐப்பசி மாலையில் தெரியாது, விடியலுக்குச் சற்று முன்புதான் வடகிழக்கில் எழும். வண்ண விளக்குகளைப் பார்த்த கண்ணுக்கு இருட்டுப் பழக 10 நிமிடம் கொடுங்கள்.

சம்பந்தி வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள். தலம்ப்ராலுக்கு நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?

கடலூர்ப் பக்கத்து ரெட்டியார், நாயுடு வீடுகளிலும், புதுச்சேரியோடு சேர்ந்த ஏனாமிலிருந்து வரும் சம்பந்தத்திலும் இது வரும். மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் அரிசியை அள்ளிக் கொட்டும் போட்டி. உடையாத பச்சரிசி 2 கிலோ, மஞ்சள், பிசிற ஒரு கரண்டி நெய். தெர்மாகோல் உருண்டைகளைக் கலந்து தருகிறார்கள். கண்ணிலும் காதிலும் போகும், பிறகு பெருக்கவும் வராது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேகமாகக் கொட்டினால் அரிசி முகத்தில் சுள்ளென்று படும், நெற்றிக்கு மேலே கொட்டச் சொல்லுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களில்?

முதல்நாள் வீட்டில் நலங்கும், மறுநாள் வீட்டு வாசலில் நாத்தனார் மறிப்பும் பல வீடுகளில் உண்டு. தேவாலயத்துக்குள் எதுவும் வேண்டாம்.

அப்பா இறந்துவிட்டார். அம்மா நலங்கில் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ள வேண்டும். இவை குடும்பத்து விளையாட்டுகள், தடுக்க எந்த மந்திரமும் இதில் இல்லை. பிள்ளையை வளர்த்து இந்த மணைவரை கொண்டுவந்தவர் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பதைவிடப் பெரிய அமங்கலம் ஒன்றும் கிடையாது. யாராவது முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தால், சடங்கைப் பெண்ணோ பிள்ளையோதான் தொடங்க வேண்டும்: "முதல்ல அம்மா வச்சாத்தான் நான் உட்காருவேன்" என்று ஒரு வாக்கியம். எதிர்த்துப் பேச அங்கே ஆள் இருக்காது.

சாமானெல்லாம் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

ஒரே ஒருவர் பொறுப்பில், ஒரே பையில். கல்யாணப் பெண்ணின் அம்மா அந்த ஒருவராக இருக்கக் கூடாது, அன்று அவரை ஆயிரம் பேர் கூப்பிடுவார்கள். விவரம் தெரிந்த சித்தி ஒருவரும் ஓடியாட ஒரு பெரிய பையனும் போதும். பையில் பிரிமணை, இரண்டு துண்டு, உரித்த தேங்காய் இரண்டு, சிறு பாக்கெட் மஞ்சள் தூள், டப்பாவில் சுண்ணாம்பு, சீப்பு, கண்ணாடி, சம்படம், ஊக்கு, சில்லறை நோட்டு, எழுதிய பாட்டுத் தாள். குடமும் பாயும் தனி. மோதிரத்தை மட்டும் பையில் போடாமல் சித்தி தன் விரலில் போட்டுக்கொள்ளட்டும். ஆட்டம் முடிந்து குடத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும்போது வடிகட்டி ஊற்றுங்கள், வெள்ளிக்காசு பலமுறை அப்படித்தான் காணாமல் போகிறது.